இரண்டு நெஞ்சுக்கு நடுவில் ஓர் ஆன்டெனா

அலுவலகத்தில் அவளைப் பெயர் சொல்லித் தேடினால் யாருக்கும் சட்டென்று விளங்காது. கம்பியக்கா என்றால்தான் தெரியும். கையடக்கமான வயர்லெஸ் கருவிகளுக்கு ஆன்டெனா வடிவமைப்பது அவள் வேலை. அவள் செய்கிற ஆன்டெனாக்களில் கம்பி என்று ஒன்று கண்ணில் படாது. எல்லாம் நகத்துக்குள் அடங்கும் செப்புத் தகடுகள். இருந்தாலும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. கேலிக்கும் பஞ்சமில்லை. கொஞ்சம் முன்னதாகக் கிளம்பினால், "என்னக்கா, கம்பி நீட்டறீங்களா?" என்பார்கள். ஏதாவது சோதனை சொதப்பினால், "இந்தத் தடவை கம்பி எண்ண வேண்டியதுதான்" என்பார்கள். அவளும் சிரித்துவிட்டுப் போவாள்.

ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் இருந்தது அந்த நிறுவனம். மருத்துவமனைகளுக்கான சின்னக் கருவிகள் செய்வார்கள். அந்த வருடம் அவர்கள் கையில் இருந்தது குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கான ஒரு வில்லை. கோட்டுப் பொத்தான் அளவு. குழந்தையின் நெஞ்சில் ஒட்டிவிட்டால் இதயத்துடிப்பையும் மூச்சையும் காற்றிலேயே அனுப்பிவிடும். பக்கத்துத் திரையில் கோடு ஓடும். வயர் வேண்டாம்.

வயர் வேண்டாம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அந்த வார்டில் குழந்தைகள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும். ஒரு கையில் அடங்கிவிடும் உடம்பு. அதிலிருந்து நாலா பக்கமும் வயர். அம்மா எடுத்துத் தன் நெஞ்சோடு, தோலோடு தோல் படும்படி வைத்துக்கொண்டால் குழந்தை சீக்கிரம் தேறிவிடும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். ஆனால் அத்தனை வயரோடு எப்படித் தூக்குவது? ஒன்றை ஒதுக்கினால் இன்னொன்று இழுபடும். பயந்துகொண்டு பாதி அம்மாக்கள் கிட்டே வரமாட்டார்கள். அந்தப் பயத்தை எடுத்துவிடத்தான் வில்லை.

ஆன்டெனாவுக்கு உடம்பு என்றால் ஆகாது. பக்கத்தில் ஓர் உடம்பு வந்தால் அதன் சுருதி இறங்கிப்போகும். அதுவும் ஆளுக்கு ஆள் வேறு வேறு அளவில் இறங்கும். ஒரே சுருதியில் பாடுகிற ஆன்டெனா அங்கே ஊமையாகிவிடும். அதனால் அகன்ற அலைவரிசை வேண்டும். மேலே போனாலும் கீழே போனாலும் பாடவேண்டும். ஆன்டெனா சிறுத்தால் அலைவரிசையும் குறுகும் என்பது இயற்கை. இரண்டையும் சேர்த்துக் கேட்பது அநியாயம் என்று கம்பியக்காவே சொல்வாள். சொல்லிவிட்டு, செப்பில் ஓர் இலை வடிவம் வெட்டி அதைச் செய்தும் காட்டினாள். சோதனைக்கென்று ஓர் அறை இருந்தது. சுவர், கூரை எங்கும் கூர்கூராகக் கருநீலப் பஞ்சு. பஞ்சு அறை என்றே அதற்குப் பெயர். அங்கே வைத்துப் பார்த்தபோது அலைவரிசையைக் காட்டும் கோடு அகன்ற பள்ளத்தாக்கு மாதிரி அழகாக இறங்கி நின்றது. பள்ளம் எவ்வளவு அகலமோ, அலைவரிசையும் அவ்வளவு அகலம். எல்லோரும் கைதட்டினார்கள்.

மருத்துவமனையில் முதன்முதலாக வில்லையை ஒட்டியது ஓர் ஆண் குழந்தைக்கு. அதன் அம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறவள். வார்டில் எல்லோருக்கும் அவள் டிரைவரம்மா. ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கைகள். "இந்தக் கையால எத்தனையோ பேரைக் கொண்டுபோய்ச் சேத்திருக்கேன், இதைத் தூக்க நடுங்குது பாருங்க" என்று நர்ஸிடம் கையை நீட்டிக் காட்டினாளாம். வயர்களைக் கழற்றினார்கள். பாதுகாப்புக்குக் காலில் மட்டும் ஒரு மெல்லிய வயரை டாக்டர் விட்டுவைத்தார். குழந்தையை எடுத்து அவள் நெஞ்சில் சாய்த்து, போர்வையால் மூடினார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுத்த நொடி அலாரம் அலறியது. திரையில் கோடு அறுந்து போயிருந்தது.

டிரைவரம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வார்டிலிருந்துகூட ஆட்கள் ஓடிவந்தார்கள். நர்ஸ் குழந்தையை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார். கோடு பழையபடி ஓடியது. குழந்தைக்கு ஒன்றுமே ஆகவில்லை. கால் வயர் முழு நேரமும் ஒழுங்காகத்தான் காட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் எடுத்துச் சொன்னார். ஆனால் பெற்றவள் கண்ணால் பார்த்தது வேறு. பிள்ளை தன்னிடம் வந்தது, கோடு நின்றது. தன்னைவிட்டுப் போனது, ஓடியது. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

சில நாள் கழித்து, அந்த வார்டின் பெரிய சிஸ்டர் கம்பியக்காவுக்கு போன் செய்தார்.

"மெஷின் நின்னுபோனதுக்கு நான் வருத்தப்படலைம்மா. மெஷின்னா நிக்கும். அந்தப் பொண்ணு இப்ப பிள்ளையைத் தொடமாட்டேங்குது. கண்ணாடிக்கு வெளியில நின்னு பாத்துட்டுப் போயிடுது. என் உடம்பு இதுக்கு ஆகாது சிஸ்டர்னு சொல்லுது. அதான் உங்க காதுல போட்டு வைக்கலாம்னு."

போனை வைத்த பிறகு கம்பியக்காவுக்கு எதுவும் ஓடவில்லை. வேலையில் தோற்றது அவளுக்குப் புதிதல்ல. ஆனால் தன் கையால் வெட்டிய ஒரு செப்புத் துண்டு, முகம் தெரியாத ஒருத்தியிடம் போய், நீ உன் பிள்ளைக்கு ஆகாதவள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறது.

காரணம் என்னவென்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. குழந்தையின் நெஞ்சில் படுத்துக்கிடக்கும் இலை, எதிரே பார்த்துத்தான் அலையை அனுப்பும். எதிரே இப்போது அம்மாவின் நெஞ்சு. இரண்டு உடம்புக்கு நடுவில் மாட்டிக்கொண்டு அலை மூச்சுத் திணறிவிட்டது. பஞ்சு அறையில் அவள் ஓர் உடம்பைத்தான் வைத்துப் பார்த்திருந்தாள். கட்டிக்கொள்கிற இரண்டு உடம்பை வைத்துப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை, வீட்டுச் சமையலறையில் ஒரு பெரிய பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினாள். தண்ணீர், சர்க்கரை, உப்பு, ஜெலட்டின் பொடி. அளவோடு கலந்து உறையவைத்தால், அது மனித உடம்பு மாதிரியே அலைகளை விழுங்கும். மாமியார் எட்டிப் பார்த்தார். அவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள்ளும் மைதானத்துக் குரலில்தான் பேசுவார்.

"சக்கரை டப்பா காலி, உப்பு டப்பா காலி. என்னம்மா நடக்குது இங்க?"

"குழந்தை செய்யறேன் அத்தை."

"இதுக்கு அடுப்பு தேவைப்படும்னு எனக்கு இத்தனை வயசுல தெரியாமப்போச்சே!"

கம்பியக்கா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தவள், டிரைவரம்மா கண்ணாடிக்கு வெளியே நிற்பதைச் சொல்லும்போது கிண்டுவதை நிறுத்திவிட்டாள். மாமியார் கிட்டே வந்தார். கரண்டியை வாங்கிக்கொண்டார். "நீ அளந்து போடு, நான் கிண்டறேன். கட்டி தட்டிடப்போகுது" என்றார்.

மெல்லிய ரப்பர் பொம்மை ஒன்றின் முதுகைக் கீறி, உள்ளே ஊற்றி உறையவிட்டார்கள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் மத்தியானம் வந்தவன், மீதியிருந்ததை இனிப்பு என்று நினைத்து ஒரு கரண்டி வாயில் போட்டு, முகம் அஷ்டகோணலாக அப்படியே குழாயடிக்கு ஓடினான். அன்றைக்கு முழுக்க வீட்டில் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

பொம்மை தயார். அதைக் கட்டிக்கொள்ள ஆள் வேண்டுமே. அலுவலகத்தில் கேட்டபோது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அவசர வேலை வந்தது. "நான் வர்றேன்" என்றார் மாமியார். "என்ன, பரீட்சையா எழுதச் சொல்றே? உட்காரத்தானே சொல்றே."

மோதிரம், கடிகாரம் எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, பஞ்சு அறைக்குள் ஒரு மர நாற்காலியில் பொம்மையை அணைத்துக்கொண்டு மாமியார் உட்கார்ந்தார். ஜெல்லி குழந்தையின் நெஞ்சில் வில்லை. எப்போதும் பிள்ளைகளை நிமிர்ந்து நில் என்று சொல்லிப் பழக்கப்பட்டவர் தானும் கம்பம்போல நிமிர்ந்திருந்தார். கம்பியக்கா வெளியே திரையைப் பார்த்தாள். வந்துசேரும் அலையின் பலத்தைக் காட்டும் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. இலையின் அகலத்தைக் குறைத்தாள், கூட்டினாள், ஓரத்தில் வெட்டினாள். ஒவ்வொரு தடவையும் வில்லையைக் கழற்றி மாற்றி ஒட்டுவாள். கோடு எழுந்திருக்க மறுக்கும். பாவம், மாமியார் முனகாமல் இருந்தார்.

கடைசியில் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பொம்மையைத் தூக்கித் தோள்பக்கம் நகர்த்தினார். ஒட்டி ஒட்டிப் பசை போயிருந்த வில்லை கழன்று புரண்டது. கீழே விழாமல், ஓர் ஓரம் பொம்மையின் நெஞ்சிலும் மறு ஓரம் மாமியார் மேலும் முட்ட, இரண்டு உடம்புக்கும் நடுவே செங்குத்தாக நின்றுகொண்டது.

கோடு விருட்டென்று எழுந்தது.

"ஐயோ, அசைஞ்சிட்டேன்மா! கெடுத்துட்டேனா?"

"அசையாதீங்க அத்தை! அப்படியே! அப்படியே இருங்க!"

"மூச்சு விடலாமா?"

"விடுங்க, விடுங்க. மெதுவா விடுங்க."

ஓடிப்போய்க் குனிந்து பார்த்தாள். வில்லை நிற்கிற கோணத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. தோலோடு படுத்த அலையைத்தான் உடம்பு குடித்துவிடுகிறது. தோலுக்குச் செங்குத்தாக எழுந்து நிற்கிற அலை அப்படி மாட்டிக்கொள்வதில்லை. சுவரில் பல்லி ஓடுகிற மாதிரி தோலின் மேலேயே ஊர்ந்து, விலா ஓரமாக, தோள் வழியாக வெளியே வந்துவிடுகிறது. புத்தகத்தில் படித்த விஷயம்தான். படித்ததை மறந்துபோய், இத்தனை நாளும் எதிரே நிற்கிற உடம்பை முட்டித் தள்ளப் பார்த்திருக்கிறாள்.

"அத்தை, நீங்க சாமர்த்தியசாலி!"

"முதுகு வலிக்கு எல்லாம் பாராட்டறது இந்த ஊர்லதான் பாக்கறேன்" என்றார் மாமியார். ஆனால் முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

இனி ஆன்டெனா படுக்கக்கூடாது, நிற்கவேண்டும். குட்டையான ஒரு செப்புக் கால், அதன் தலையில் ஒரு செப்புக் கூரை, குடை மாதிரி. அதற்கு உயரம் வேண்டும். உயரம் என்றால் பெட்டிக்காரரிடம் போகவேண்டும்.

பெட்டிக்காரர் கருவிகளின் வெளிக்கூட்டை வடிவமைப்பவர். கம்பியக்காவைவிட வயதில் மூத்தவர். இருந்தாலும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார், அவள் அவரை அண்ணா என்பாள். இந்தப் பாசமெல்லாம் கூப்பிடுவதோடு சரி. மற்றபடி இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். ஒரு மில்லிமீட்டருக்காக வாரக்கணக்கில் முகம் கொடுக்காமல் இருந்ததுண்டு.

"உயரமா? எதை வேணாலும் கேளுங்க, உயரத்தை மட்டும் கேக்காதீங்க" என்றார் அவர். "அம்மா கட்டிப்பிடிக்கும்போது குழந்தை நெஞ்சுல குத்தாம இருக்கணும்னு அந்த வளைவை நான் வரைஞ்சு வரைஞ்சு அழிச்சிருக்கேன். அதை மாத்தமாட்டேன்."

"வளைவு அப்படியே இருக்கட்டும் அண்ணா. வெளியில மயிரிழைகூட உயர வேண்டாம். உள்ளே நடுவுல இருக்கற இடத்தைக் குடுங்க."

"நடுவுல பேட்டரி உட்கார்ந்திருக்கு."

"அதை நகத்துங்க."

"எங்க நகத்தறது? என் தலைமேலயா? அச்சு வெட்ட பட்டறைக்குக் குடுத்தாச்சு தெரியுமில்ல? எஃகுல வெட்டிக்கிட்டு இருக்காங்க. இப்ப வந்து நிக்கறீங்க!"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவர் பிடிவாதம் அவருக்காக அல்ல, குழந்தையின் தோலுக்காக. அது தெரிந்ததால் கம்பியக்காவால் சண்டைகூட ஒழுங்காகப் போடமுடியவில்லை. திரும்பி வந்துவிட்டாள்.

மறுநாள் அவர் தன் அளவுகோலைத் தேடிக்கொண்டு பஞ்சு அறைப் பக்கம் வந்தார். உள்ளே கம்பியக்கா தானே பொம்மையை அணைத்துக்கொண்டு, கழுத்தைத் திருப்பித் திரையைப் பார்க்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, ஒரு கை குடுங்க. இதைக் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கிட்டு உட்காருங்க."

"என்னைப் பாத்தா உங்களுக்கு ஆயா மாதிரி தெரியுதா?" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினார். வாங்கியவர் கையை ஒரு தரம் ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"உள்ளே முழுசா ஊத்தலையா?"

"முழுசாத்தான் ஊத்தினோம்."

"இவ்ளோதானா கனம்?"

"அந்த வார்டுல இதைவிட லேசாவும் இருக்காங்க அண்ணா."

பெட்டிக்காரருக்கு அந்த எடை தெரியாமல் இல்லை. கூட்டை வரையும்போது ஒரு மூலையில் எழுதி வைத்திருந்த எண் அது. கையில் வாங்கியதில்லை, அவ்வளவுதான். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பொம்மையை நெஞ்சில் சாய்த்துக்கொண்டார். அவருடைய ஓர் உள்ளங்கை அதன் முதுகு முழுவதையும் மூடிவிட்டது. கம்பியக்கா அளவெடுத்து முடித்து, "ஆச்சு அண்ணா" என்று சொன்ன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. அவளும் விளக்கைப் போட்டபடியே விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

இரண்டு நாள் அவர் தன் மேசையோடு கிடந்தார். பிறகு ஒரு காலையில் கம்பியக்காவின் மேசைக்கு வந்து, கெட்டி அட்டையில் வெட்டிய ஒரு பொருளை வைத்தார். நடுவில் பழைய வில்லை மாதிரியே ஒரு வளைவு. இரண்டு பக்கமும் மெல்லிய சிறகு. தொட்டால் வளைந்தது.

"பேட்டரியை ரெண்டாப் பிரிச்சுட்டேன். தடியான ஒண்ணுக்குப் பதிலா மெல்லிசா ரெண்டு. ஆளுக்கொரு சிறகு. நெஞ்சோட வளைஞ்சு படுத்துக்கும், முன்னைவிட மெத்துனு இருக்கும். நடு வீடு காலி. குடியேறிக்கோங்க."

"அண்ணா! பட்டறையில?"

"நிறுத்தச் சொல்லிட்டேன். அவன் திட்டின திட்டு இன்னும் காதுல ரீங்காரம் போட்டுக்கிட்டு இருக்கு. விடுங்க, அவன் வாய் எப்பவும் அப்படித்தான்."

கம்பியக்கா அட்டையைக் கையில் எடுத்தாள். எழுந்து நின்றாள், அவ்வளவுதான். அவர் அதைக்கூடக் கவனிக்காத மாதிரி, தொலைந்துபோன அளவுகோலைப் பற்றிக் கேட்டுக்கொண்டே போய்விட்டார்.

நடு வீட்டில் குடியேறுவது லேசாக இல்லை. செப்புக் கூரையும் காலும் வைத்ததும் அலை தோலின் மேல் ஊர்ந்தது, உண்மை. ஆனால் அலைவரிசைக் கோட்டில் இருந்த பள்ளம் ஊசி குத்தினாற்போல் ஒடுங்கிப்போயிருந்தது. மாமியார் பிடித்தால் கேட்கும். கணவன் பிடித்தால் ஊமை. நாத்தனார் வந்து உட்கார்ந்தாள், அவளுக்கு அரைகுறை. அலைவரிசை அகலவேண்டும், இடமோ இவ்வளவுதான். கூரையில் ஒரு கீறல் போட்டாள், அதை வளைத்தாள், கூரையிலிருந்து தரைக்கு இன்னொரு கால் இறக்கினாள். கத்தியும் ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சூட்டுக்கோலுமாக மேசை முழுவதும் செப்புத் துணுக்கு. சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டு வந்து வீட்டுச் சோபாவிலும் மின்னியது.

வழி திறந்தது பெட்டிக்காரரின் சிறகுகளால்தான். அதுவரை அவள் அட்டைச் சிறகை வைத்துக்கொண்டு நடு வீட்டை மட்டும் அளந்துகொண்டிருந்தாள். உண்மையான பேட்டரிச் சிறகுகள் வந்து, செப்புப் பட்டையால் இரண்டு பக்கமும் இணைத்துப் பார்த்தபோது, பழைய பள்ளத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பள்ளம் விழுந்திருந்தது. சிறகுகள் தாமும் சேர்ந்து பாடத் தொடங்கியிருந்தன. கூரையின் கீறலைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினாள். இரண்டு பள்ளமும் நெருங்கின, தொட்டன, நடுவிலிருந்த மேடு கரைந்து ஒரே அகன்ற பள்ளத்தாக்காகிவிட்டது. மாமியாரை உட்காரவைத்தாள், கணவனை உட்காரவைத்தாள், நாத்தனாரை, கீழே கண்ணாடிக் கடைக்காரரைக்கூட விடவில்லை. யார் பிடித்தாலும் கோடு அசையவில்லை.

"அண்ணா, உங்க சிறகுதான் பாடுது!" என்று அவர் அறைக்கு ஓடினாள்.

"வீட்ல நான் குளிக்கும்போது பாடினா கதவைத் தட்டி நிறுத்துவாங்க" என்றார் பெட்டிக்காரர். "இது நல்லாப் பாடுதா?"

"ரொம்ப நல்லா."

"அப்ப சரி" என்று திரும்பிக்கொண்டார். காது மடல் சிவந்திருந்தது.

மருத்துவமனைக்குப் போகவேண்டிய நாள் வந்தது. பெரிய சிஸ்டர், வேறு ஒரு தாயை வைத்துச் சோதிக்கலாம் என்றார். கம்பியக்கா, "முதல்ல அவங்களை ஒரு தடவை பாக்கறேன் சிஸ்டர்" என்றாள். டிரைவரம்மா வார்டுக்கு வெளியே நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வேலைக்குப் போகிற சீருடை. பிள்ளை வீட்டுக்கு வரும் நாளுக்கென்று பிரசவ லீவை மிச்சம் பிடித்து, மறுபடி பஸ் ஓட்டப் போய்க்கொண்டிருந்தாள். கம்பியக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு நின்னுபோச்சே, அதோட ஆன்டெனா நான் செஞ்சதுங்க."

டிரைவரம்மா திரும்பிப் பார்த்தாள்.

"உங்க குழந்தைக்கு அன்னிக்கு ஒண்ணுமே ஆகலை. நின்னது என் ஆன்டெனா."

"என் நெஞ்சு பட்டதும்தானே நின்னுச்சு?"

இல்லை என்று சொல்லிவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லமுடியவில்லை. "ஆமாங்க. உங்க உடம்பு அலையைக் குடிச்சிடுச்சு. எங்க மாமியார் உடம்பும் குடிச்சுது, என் உடம்பும் குடிச்சுது. யாரா இருந்தாலும் குடிக்கும். கட்டிப்பிடிச்சா வேலை செய்யாத ஒண்ணை, கட்டிப்பிடிக்கறவங்களுக்காகச் செஞ்சு அனுப்பியிருக்கோம். தப்பு அங்க இருக்கு."

டிரைவரம்மா தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "வண்டி நடுரோட்டுல நின்னா, ஏறின ஆளு கனம்னு சொல்லமாட்டோம். வண்டியைத்தான் பாப்போம்" என்றாள். யாருக்கோ சொல்கிற மாதிரி, மெதுவாக.

"அதேதாங்க."

"சரிபண்ணிட்டீங்களா வண்டியை?"

"பண்ணிட்டோம். இப்ப வேற மாதிரி. இப்ப அலை உங்க தோல் மேலேயேதான் நடந்து வெளியே வரும். உங்க உடம்புதான் அதுக்கு ரோடு."

"யாரையாவது ஏத்தி ஓட்டிப் பாத்தீங்களா, இல்ல நான்தான் முதல் டிரிப்பா?"

"எங்க வீட்ல எல்லாரையும் ஏத்தியாச்சு. கீழ்க்கடைக்காரரையும் சேத்து."

டிரைவரம்மா சிரித்தாள். சிரித்த வாயோடு கண்ணில் நீர் முட்டியது. புறங்கையால் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இன்னிக்கு டியூட்டிக்கு லேட்டா வர்றேன்னு சொல்லிட்டு வந்துடறேன்" என்றாள்.

டிரைவரம்மா வார்டுக்குள் போய் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். சிறகு வைத்த வில்லையைப் பெரிய சிஸ்டர் குழந்தையின் நெஞ்சில் பதித்தார்; அது விலா வளைவோடு வளைந்து படுத்துக்கொண்டது. காலில் மெல்லிய வயர் இந்தத் தடவையும் இருந்தது. குழந்தையைத் தூக்கி அவள் நெஞ்சில் வைத்தார்கள். வார்டில் யாரும் குழந்தையைப் பார்க்கவில்லை. எல்லோரும் திரையைத்தான் பார்த்தார்கள். டிரைவரம்மா மட்டும் திரைப் பக்கம் திரும்பவே இல்லை. உடம்பெல்லாம் விறைத்து, சத்தம் வரப்போகிறது என்று காத்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் வரவில்லை. கோடு ஓடியது. கால் வயர் காட்டிய துடிப்பும் வில்லை காட்டிய துடிப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடின. பெரிய சிஸ்டர் போர்வையை இழுத்து மூடினார். ஓடியது. குழந்தை சின்னதாக ஒரு கொட்டாவி விட்டு, முகத்தை அம்மாவின் கழுத்தடியில் புதைத்துக்கொண்டது. அப்போதும் ஓடியது. விறைத்திருந்த தோள்கள் மெல்ல மெல்ல இறங்கின. கொஞ்ச நேரத்தில் அம்மாவும் தூங்கிப்போனாள். எழுப்பவேண்டாம் என்று பெரிய சிஸ்டர் உதட்டில் விரலை வைத்தார்.

கம்பியக்கா வெளியே நடைபாதைக்கு வந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று நன்றாக அழுதாள். கூட வந்திருந்த பெட்டிக்காரர் பக்கத்தில் நின்று, சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் முறை பற்றிய படத்தை வெகு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் டிரைவரம்மா அவளைத் தேடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "ரொம்ப நன்றிங்க."

"நான்தாங்க உங்களுக்குச் சொல்லணும். ரெண்டாம் தடவையும் எங்களை நம்பினீங்களே."

"நம்பினேனான்னு தெரியலை. பிள்ளையைத் தூக்கணும்போல இருந்துச்சு" என்றாள் அவள்.

நன்றி என்ற சொல் இருக்கிறதே, அதை வெளியாரிடம் சொல்வது சுலபம். வீட்டுக்குள் சொன்னால் நாடகம் மாதிரி இருக்கும். அன்று சாயங்காலம் கம்பியக்கா வீடு திரும்பியதும் மாமியார் வாசலிலேயே நின்று, "என்னாச்சு? ஓடுச்சா?" என்று தெருமுனைக்குக் கேட்கிற குரலில் கேட்டார். ஓடியது என்றாள். தாயும் பிள்ளையும் தூங்கிவிட்டதைச் சொன்னாள். எப்படியாவது அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடவேண்டும் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, "அத்தை, உங்களுக்கு நான்..." என்று தொடங்கினாள்.

"செருப்பைக் கழட்டிட்டு உள்ளே வா" என்றார் மாமியார். "காலையில சாப்பிடாமப் போனவ நீ."

அவள் உள்ளே போனாள். மாமியார் தட்டை வைத்தார். தண்ணீர் வைத்தார். வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டு, "சரி, இப்ப முதல்லேர்ந்து சொல்லு. குழந்தை எந்தப் பக்கம் முகத்தை வெச்சு தூங்குச்சு?" என்று கேட்டார். கம்பியக்கா சாப்பிட்டுக்கொண்டே முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.